இளைய அணியும் எமது நம்பிக்கையும்

உதைபந்தாட்டப் பருவம் தொடங்குமுன் அன்பர் உள்ளத்தில் எழும் நம்பிக்கையைப் பேதைமை என எள்ளுவோர் உளர். சென்ற பருவத்துத் தோல்விகளை விரல்மடித்து எண்ணிக்காட்டி, “இவ்வணிக்கா இத்துணை ஆரவாரம்?” என வினவுவர். இலங்கைத் தேசிய அணியைப் பொறுத்தவரை அவர்தங் கணக்கிற் பிழையில்லை. ஆயினும் அக்கணக்கு முழுமையானதன்று என்பதே எமது துணிபு.

1995ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்று இலங்கை வாகை சூடிற்று. அதன்பின் அக்கிண்ணம் எம்மை வந்தடையவில்லை. உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்திற்குங் கீழே இறங்கினோம். 2023 தை மாதத்தில், நிருவாகப் பிணக்குகளின் விளைவாக, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஆவணியிலேதான் அத்தடை நீங்கிற்று.

அத்தாழ்விலிருந்து எழுந்த புதிய அணி, 2024 புரட்டாதியில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியிற் கம்போடியாவை எதிர்கொண்டது. கொழும்பில் எவரும் கோல் பெற்றிலர். நொம்பென்னில் 2–2 எனச் சமநிலை. ஈற்றில் தண்ட உதைகளில் 4–2 என வென்று அடுத்த சுற்றினுட் புகுந்தோம். 2025இற் சீனத் தைப்பே அணியைக் கொழும்பில் 3–1 என வென்றோம். பின்னர் தாய்லாந்திடம் 0–4 எனத் தோற்றோம். ஆசியக் கிண்ண வாயில் திறக்கவில்லை. எள்ளுவோர் இவ்விறுதி வரியை மட்டும் வாசிக்கின்றனர்.

ஆசிரியத் தொழிலர் அவ்வாறு வாசித்தல் இயலாது. முதலாந் தவணைப் புள்ளியைக் கொண்டு ஒரு மாணவனின் எதிர்காலத்தைத் தீர்மானிப்போமாயின், வகுப்பறையிற் பாதி வெறுமையாகும். நேற்று எங்கு நின்றான், இன்று எங்கு நிற்கின்றான் என்பதே எமக்கு அளவுகோல். வடலியின் முன் நின்று நுங்கு எங்கே என வினவும் யாழ்ப்பாணத்தான் உளனோ?

மற்றொன்றும் எம் நெஞ்சைத் தொடுகின்றது. அக்கிண்ணம் வென்ற அதே 1995இன் ஐப்பசியிலேதான் வலிகாமத்து மக்கள் வீடுவாசல் துறந்து இடம்பெயர்ந்தனர். அக்காலங்களிற் கடல்கடந்தோர் பலர். இன்று ஜேர்மனி, சுவீடன், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிற் பிறந்து வளர்ந்த இளைஞர் இலங்கைச் சீருடை அணிந்து ஆடுகின்றனர். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அவருள் உளர். அவர்தம் வரவு மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் பிறநாட்டு மைதானங்களில் விளைந்ததை மட்டும் நம்பி ஓர் அணி நெடுநாள் வாழாது. வேர் எமது பாடசாலை முற்றங்களில் ஊன்றவேண்டும். யாழ் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் புதுக்கப்பெற்று 2016 ஆனியில் மீளத் திறக்கப்பட்டது. அரங்கு உண்டு; ஆடுவோர் எங்கே? மாலை நான்கு மணிக்குப் பந்தை நாடவேண்டிய கால்கள் தனியார் கல்வி நிலையங்களை நோக்கி மிதிவண்டி மிதிக்கின்றன. பிள்ளைகளை அவ்வழி அனுப்பிவிட்டுத் தேசிய அணியில் வடபுலத்தார் குறைவென முறையிடுவது எவ்வாறு பொருந்தும்?

எனவே, நம்பிக்கை கொள்வோர் அதற்குரிய கடனையும் இறுத்தல் வேண்டும். பழைய மாணவர், கிண்ணம் வந்த பின்னர் மாலையிட வருதலினும், தோற்ற நாளின் மறுமாலை பயிற்சி காண மைதானத்துக்கு வருதல் சிறந்தது. பெற்றோர் கிழமையில் இரு மாலைப் பொழுதுகளையேனும் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். ஆசிரியராகிய நாம், விளையாடுவோனைப் படியாதவன் எனக் கருதும் வழக்கை ஒழித்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்காள்! வரும் பருவத்தில் எமது அணி தோற்கவுங் கூடும். அன்றும் நாம் எல்லைக்கோட்டருகே நிற்போம். நீவிர் பந்துடன் வருக!