நகையைத் துலக்கும் கைகள் நம்முடையவையாக இருக்கட்டும்



சேரப்பணஞ்சேரியில் வசிக்கும் நம் சபையின் வயதான தாயார் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, நகைக்குப் பாலிஷ் போடுகிறவர் தெருவில் வந்திருக்கிறார். கூலி குறைவுதானாம். தாலிச் சங்கிலியைக் கொடுக்கலாமா?" என்று வினவினார். மகனும் மருமகளும் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அவர் மட்டுமே. "வேண்டாம் அம்மா, கதவைத் தாழிடுங்கள்" என்றேன். அதன் காரணத்தை நீங்கள் யாவரும் அறிய வேண்டும்.

தங்கம் துருப்பிடிப்பதில்லை. நாம் அணியும் 22 காரட் நகையில் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அதன் ஒளியைப் பெரும்பாலும் மறைப்பது வியர்வையும் எண்ணெயும் மஞ்சளும் பவுடரும் சோப்புப் படலமும்தான். அந்த அழுக்கைப் போக்க அமிலம் எதற்கு?

ஏமாற்றுவோர் கையாள்வது இராஜதிராவகம். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த அந்தத் திரவம் தங்கத்தையே கரைத்துவிடும். நகை பளபளவென்று திரும்பி வரும். கரைந்த தங்கமோ அவர்களுடைய பாத்திரத்தில் தங்கிவிடும். பின்னர் அதைப் பிரித்தெடுத்துக்கொள்வார்கள். ஐந்து சவரன் சங்கிலி 40 கிராம். அதில் 2 கிராம் குறைந்தால் கை உணராது. ஆனால் அது கால் சவரன், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு.

ஆகவே நகையை வீட்டிலேயே துலக்குங்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய பூந்திக்கொட்டை போதும். அதை ஊறவைத்துப் பிசைந்த வெதுவெதுப்பான நீரில் நகையைக் கால் மணி நேரம் இட்டு, மென்மையான பிரஷினால் இடுக்குகளைத் தேயுங்கள். குழாயடியில் கழுவாமல் கிண்ணத்திலேயே அலசுங்கள். திருகாணி சாக்கடைக்குள் போய்விட்டால் திரும்பாது. பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றி வையுங்கள். பற்பசை நகையில் கீறல் விடும். பிளீச்சிங் பவுடர் நகையை அரிக்கும். இரண்டும் வேண்டாம்.

முத்தையும் பவளத்தையும் ஊறவைக்காதீர்கள். எலுமிச்சையும் வினிகரும் அவற்றை அரித்துவிடும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்தால் போதும். கவரிங் நகையின் பூச்சு மெல்லியது. உலர்ந்த துணியே அதற்கு ஏற்றது. வெள்ளிக் கொலுசு கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசை வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் கறுப்பு நீங்கும், வெள்ளியும் குறையாது.

இவ்வாறு துலக்கும்போது இன்னொரு நன்மையும் உண்டு. தேய்ந்த கண்ணி, தளர்ந்த கொக்கி, ஆடும் கல் ஆகியவை நம் கண்ணில் படும். அவற்றைச் சரிசெய்ய மட்டும் தெரிந்த பொற்கொல்லரிடம் செல்லுங்கள். கொடுக்குமுன்னும் வாங்கிய பின்னும் எடை போட்டுப் பாருங்கள். வாசலில் வந்து வற்புறுத்துகிறவர் இருந்தால் 100 என்ற எண்ணில் காவல்துறையை அழையுங்கள்.

மல்கியா 3ஆம் அதிகாரத்தில், வெள்ளியைப் புடமிடுகிறவர் உட்கார்ந்திருப்பவராகக் காட்டப்படுகிறார். உண்மையாய்ச் சுத்திகரிக்கிறவர் தம் கையிலுள்ளதைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. வாசலுக்கு வரும் அந்நியருக்கோ அடுத்த தெருவுக்குப் போகும் அவசரம். அதிலேயே வேறுபாட்டை அறிந்துகொள்ளலாம்.

பிள்ளைகளே, பகலில் தனித்திருக்கும் உங்கள் தாய்மாருக்கு இதை இன்றே சொல்லுங்கள். அடுத்த விடுமுறை நாளில் அவர்களருகே அமர்ந்து, அந்தச் சங்கிலியை நீங்களே துலக்கிக் கொடுங்கள். கர்த்தர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.