யார் எழுதிய வரி?

நம்மிடம் தமிழ் பயின்று, பின்னர் கணினிப் பக்கம் ஒதுங்கிவிட்ட பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். மென்பொருள் சோதனைதான் அவருக்குத் தொழில். பேச்சின் நடுவே மடிக்கணினியைத் திறந்து, மூன்று நாள்களாகத் தம்மை அலைக்கழிக்கும் ஒரு வரியைக் காட்டினார். பைத்தான் மொழியில் எழுதப்படும் நிரல்களைச் சோதிக்கப் பலரும் பயன்படுத்தும் பைடெஸ்ட் என்ற கட்டற்ற நூலகத்தின் உள்ளே இருக்கும் வரி அது. ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. எழுதியவரைக் கண்டறிந்தால் காரணமும் கிடைத்துவிடும். கிட் என்னும் கருவியில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார், எந்த நாளில், என்ன குறிப்போடு என்று அது சொல்லும். கட்டளையின் பெயர் 'பிளேம்'. பெயரில்தான் பழி, பயன்பாடெல்லாம் வழி கேட்பது. மாணவருக்குக் கிடைத்த விடை: 2018ஆம் ஆண்டு, பிளாக் ஓட்டப்பட்டது. அவ்வளவுதான்.

"ஐயா, வீடு கட்டினவர் யாருன்னு கேட்டா, சுண்ணாம்பு அடிச்சவர் பேரைச் சொல்லுது" என்றார்.

பிளாக் என்பது ஒரு ஃபார்மேட்டர். நிரலின் பொருளைத் தொடாமல், அதன் தோற்றத்தை மட்டும் ஒரே சீராக்கும் கருவி. வூகாஷ் லங்கா என்பவர் 2018இல் வெளியிட்டார். தம்மைச் சமரசமற்ற கருவி என்று அதுவே அறிவித்துக்கொள்கிறது. வரிக்கு 88 எழுத்து, மேற்கோள் குறி இரட்டை, அடைப்புக்குறி இங்கே முறியும், காற்புள்ளி இங்கே விழும். விருப்பத்தேர்வுகள் மிகக் குறைவு. இலக்கியம் படித்த நமக்கு இதைக் கேட்டவுடன் சற்றுக் கசந்தது. நடை என்பது எழுதுபவரின் கைரேகை என்று வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஆனால் பலர் கூடி எழுதும் நிரலில், இடைவெளி எங்கே விடுவது என்ற சச்சரவு தின்னும் பொழுதை மாணவர் விவரித்தபோது கசப்பு குறைந்தது. பைத்தானில் வரித்தொடக்க இடைவெளியே இலக்கணம் என்பதால், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் நிரலின் இலக்கண அமைப்பு ஒன்றாகவே இருக்கிறதா என்று பிளாக் தானே ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதும் ஆறுதல். ஃபார்மேட்டர் வேண்டும் என்பதில் இப்போது நமக்கு மாற்றுக் கருத்தில்லை.

நமது வழக்கு அதைப் புதுப்பிக்கும் முறையைப் பற்றியது.

பிளாக் தன் நடைவிதிகளை ஓராண்டுக்குள் மாற்றுவதில்லை; ஆண்டின் தொடக்கத்தில் வரும் பதிப்பில்தான் மாற்றும். 2024 ஜனவரியில் வந்த 24.1.0 பதிப்பில் இரண்டு மாற்றங்களை மட்டும் சொல்கிறோம். வெறும் மூன்று புள்ளிகளையே உடலாகக் கொண்ட ஃபங்ஷன்களில், அந்தப் புள்ளிகள் தலைப்பு வரியின் ஓரத்துக்கே ஏறிக்கொண்டன. கோப்பின் முகப்பு விளக்கத்துக்கு அடுத்து ஒரு வெற்று வரி கட்டாயமாயிற்று. அற்ப விஷயங்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஒரு திட்டத்தில் எந்தப் பதிப்பு பயன்பாட்டில் உள்ளது என்பது அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒற்றை எண்ணாக இருக்கிறது. பைடெஸ்ட் போன்ற இடங்களில் அந்த எண்ணை மாற்றும் முன்மொழிவையும் ஒரு தானியங்கியே அனுப்புகிறது. எண் மாறினால் கோப்புகள் கொத்துக் கொத்தாக மாறுகின்றன. பிளாக்கின் புதிய நடையோடு ஒத்துப்போகாததால், இறக்குமதி வரிகளை அடுக்கிவந்த இன்னொரு கருவியையே பைடெஸ்ட் மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே பிளாக்கையும் விட்டு, அதன் நடையைப் பெரிதும் பின்பற்றும் ரஃப் என்ற வேகமான கருவிக்குக் குடிபெயர்ந்தார்கள்.

பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டால் என்ன என்று நாமும் கேட்டோம். இருக்க விடமாட்டார்கள். பைத்தான் 3.10 புதிய வாக்கிய வகையொன்றை 2021இல் கொண்டுவந்தது. அதை அறியாத பழைய ஃபார்மேட்டர் அத்தகைய கோப்பைப் படிக்கவே மறுக்கும். 2022 மார்ச்சில் கிளிக் என்ற வேறொரு நூலகம் 8.1.0 பதிப்பை வெளியிட, அதைச் சார்ந்திருந்த பிளாக் ஓடாமல் நின்றுபோயிற்று; 22.3.0 வந்த பிறகே சரியானது. ஆக, புதுப்பித்தல் தவிர்க்க முடியாத வீட்டுவேலை.

சோதனை நூலகத்தில் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். மற்ற நிரல்களை அளக்கும் படி அது. ஒரு சோதனை தோற்றால் எந்த வரியில் தோற்றது என்று மூல நிரலையே எடுத்துக்காட்டுவது பைடெஸ்டின் சிறப்பு. அந்தத் திறனைச் சோதிக்க, கோணல்மாணலான நிரல் கோணல்மாணலாகவே கிடக்க வேண்டும். ஃபார்மேட்டர் அதை நேராக்கினால் சோதனைக்குப் பொருளில்லை. அத்தகைய பகுதியை மேற்கோள் குறிகளுக்குள் சரமாக வைத்தால் கருவி தொடாது. அல்லது 'இங்கே கை வைக்காதே' என்ற குறிப்பை மேலும் கீழும் இடலாம். இவை எங்கே தேவை என்பது மனிதக் கண்ணுக்குத்தான் தெரியும்.

அந்தக் கண்தான் இங்கே சோர்ந்துபோகிறது. ஆயிரக்கணக்கான வரிகளில் காற்புள்ளியும் வெற்று வரியும் மட்டும் மாறியிருக்கும் திருத்தத்தை யார் படிப்பார்? படிப்பதில்லை என்று மாணவரே ஒப்புக்கொண்டார். அந்தக் குவியலுக்குள் பொருள்மாற்றம் ஒன்று கலந்துவிட்டால் எவரும் அறியார். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தில் தீய நிரல் ஒளிந்திருந்தது, சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில்தான். அங்கே ஃபார்மேட்டருக்குப் பங்கில்லை. யாரும் படிக்காத இடத்துக்கு அங்கே பங்கிருந்தது.

எனவே நமது கருத்து இது. ஃபார்மேட்டரைப் புதுப்பிக்கும் கமிட்டில் அதைத் தவிர வேறொன்றும் இருக்கலாகாது; "போகிற போக்கில் இதையும் திருத்தினேன்" என்பதற்கு அங்கே இடம் தரக் கூடாது. சரிபார்ப்பவர் அதைப் படிக்கவும் வேண்டாம்: அதே பதிப்பைத் தம் கணினியில் ஓட்டி, கிடைப்பது எழுத்துக்கு எழுத்து அதுவேதானா என்று பார்த்தால் போதும். அதற்குப் பிறகு, அந்தக் கமிட்டைப் புறக்கணிப்புப் பட்டியலில் உடனே பதிந்துவிட வேண்டும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 இந்த வசதியைத் தந்தது. பட்டியலில் உள்ள கமிட்டுகளைத் தாண்டி, அவற்றுக்கு முன் வரியை எழுதியவரை பிளேம் தேடிச் செல்லும். ஊகத்தால் செல்வதால் சில இடங்களில் வழி தவறுவதும் உண்டு. சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்களில் நாம் உ.வே.சா.வை நம்புவது அவர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டினார் என்பதால். மௌனமாகத் திருத்திய பதிப்புகளை வைத்துக்கொண்டு ஆய்வு மாணவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும்.

ஊதியமின்றி எழுதும் ஒருவருக்கு இதில் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியும் அதன்மேல் நிற்கும் பெயரும்தான். ஆண்டுக்கொரு முறை கருவி வந்து அதை அழித்துவிட்டுப் போவதை நாம் சிறு விஷயமாக எண்ணவில்லை.

மாணவரின் கதைக்கு வருவோம். பைடெஸ்டில் அப்படியொரு பட்டியல் இருக்கிறது. 2018இன் அந்தக் கமிட்டும் அதில் இருக்கிறது. அவருடைய கணினியில் உள்ள கிட்டுக்குத்தான் பட்டியலைப் பார்க்கும்படி யாரும் சொல்லி வைக்கவில்லை. ஒரு வரி அமைப்பைச் சேர்த்துக் கட்டளையை மறுபடி இட்டார். பிளாக் பிறப்பதற்கும் முந்தைய ஆண்டு ஒன்று திரையில் வந்தது. பக்கத்தில் ஒரு பெயர், அதன் கீழே இரண்டு வாக்கியங்களில் காரணம். படித்துவிட்டு, "இதுக்கா மூணு நாள்" என்று சிரித்தார். காப்பி ஆறிப்போயிருந்தது.