உடம்பை யாரிடம் ஒப்படைப்பது?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் அதிகாலை ஐந்தரை மணிக்கு நடந்து சென்றால் இரண்டு இடங்களில் விளக்கு எரிவதைக் காணலாம். ஒன்று பால் பூத். மற்றொன்று உடற்பயிற்சிக் கூடம். அல்சூர், சிவாஜி நகர், விவேக் நகர், ஆஸ்டின் டவுன் என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகள் எல்லாவற்றிலும் இதே காட்சிதான். மாடிப் படிக்கட்டு ஏறினால் ஒரு ஹால், நாலு புறமும் நிலைக்கண்ணாடி, காதைத் துளைக்கும் பாட்டு, இரும்புத் தட்டுகள் மோதும் ஓசை.

இது வரவேற்க வேண்டிய மாற்றம். சாராயக் கடைப் பக்கம் போகாமல் வாலிபர்கள் தேகப்பயிற்சிக்குப் போகிறார்கள் என்றால் பெற்றோர் மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூடத்தில் "மாஸ்டர்" என்று அழைக்கப்படுகிறவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்று எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்? மாடிக்கு வாடகை எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கும் நம்மவர்கள், உடம்பை ஒப்படைக்கும் ஆளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் நடந்தது

பீன்யா தொழிற்பேட்டையில் தையல் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயது வாலிபர். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மூன்று மாதத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கூடத்தில் சேர்ந்தார். தனிப் பயிற்சிக்கென்று கூடுதல் பணமும் கட்டினார்.

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கால்தான் வீக்" என்றார். முதல் நாளே முந்நூறு பஸ்கி. எண்பதில் கால் நடுங்கியது. "போதும் மாஸ்டர்" என்றார் வாலிபர். "கல்யாண மாப்பிள்ளை இப்படிச் சொல்லலாமா?" என்று கேலி செய்தார் மாஸ்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெட்கத்தில் முந்நூறையும் முடித்துவிட்டார்.

மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. மாஸ்டருக்கு போன் செய்தார். "முதலில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்று பதில் வந்தது. அறையில் உடன் தங்கியிருந்த முதியவர் ஒருவர் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனதால் பிழைத்தார். ஆறு நாள் சலைன் ஏற்றினார்கள். சீர்வரிசைக்கென்று சேர்த்து வைத்த பணம் ஆஸ்பத்திரி பில்லுக்குப் போனது.

இது விசித்திரமான வியாதி அல்ல. பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை நார்கள் சிதைந்து, அவற்றில் உள்ள பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கடுமையான வலி, வீக்கம், கறுத்த சிறுநீர் ஆகிய மூன்றும் அதன் அறிகுறிகள். பயிற்சி கொடுப்பவர் முதல் வாரமே படித்திருக்க வேண்டிய பாடம் இது. அந்த மாஸ்டருக்கு அது தெரியவில்லை. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

முதல் கேள்வி என்ன?

நல்ல மாஸ்டரையும் மோசமான மாஸ்டரையும் அவர்களுடைய புஜத்தை அளந்து பிரிக்க முடியாது. முதல் நாள் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியை வைத்துப் பிரித்துவிடலாம்.

மோசமானவர் கேட்பது: "மூணு மாசப் பேக்கேஜா, ஆறு மாசமா?"

நல்லவர் கேட்பது: "என்ன வேலை பார்க்கிறீங்க? எத்தனை மணி நேரம் தூங்குறீங்க? சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கா? நெஞ்சு வலி, மயக்கம் வந்ததுண்டா? வீட்டில் யாருக்காவது சின்ன வயசிலேயே மாரடைப்பு வந்திருக்கா? முதுகு, முழங்கால் எப்படி?"

என்ன வேலை என்ற கேள்வி நம் மக்களுக்கு மிகவும் முக்கியம். யஷ்வந்த்பூர் மார்க்கெட்டில் நாள் முழுக்க மூட்டை சுமக்கிறவருக்கும், ஆபீசில் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரே பயிற்சி பொருந்துமா? சுமப்பவரின் முதுகு ஏற்கெனவே களைத்திருக்கிறது. குமாஸ்தாவின் முதுகோ உபயோகமில்லாமல் பலவீனப்பட்டிருக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து தூக்கமில்லாமல் வருகிறவருக்கு அன்றைக்குத் தேவை பளு அல்ல, படுக்கை. "இன்னிக்கு வேண்டாம், போய்த் தூங்குங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லத் துணிகிறவரே மாஸ்டர்.

எல்லோருக்கும் ஒரே அட்டவணையை எழுதிக் கொடுப்பவர், எல்லா நோய்க்கும் ஒரே கலர் மாத்திரை கொடுக்கும் போலி வைத்தியருக்கு ஒப்பானவர்.

வலித்தால்தான் வளருமா?

"வலி இல்லாமல் உடம்பு ஏறாது" என்பது கூடத்துக்குக் கூடம் ஒலிக்கும் மந்திரம். இதில் பாதி உண்மை உண்டு. புதிதாகப் பயிற்சி செய்தால் ஓரிரு நாள் தசை வலிப்பது இயற்கை. ஆனால் மூட்டுக்குள் குத்தும் வலி வேறு. கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு வலி வேறு. இந்த வித்தியாசத்தை அறிந்தவரே பயிற்சி கொடுக்கத் தகுதியானவர்.

நல்ல மாஸ்டர் முதல் மாதம் பளுவைக் கூட்டுவதைவிட, தூக்கும் முறையைத் திருத்துவதில்தான் குறியாக இருப்பார். முதுகு வளைகிறதா, முழங்கால் உள்பக்கம் மடிகிறதா, மூச்சை அடக்குகிறாரா என்று கவனிப்பார். அவருடைய கண் சீடன்மேல் இருக்கும். மோசமானவருடைய கண் செல்போனில் இருக்கும். வாய் மட்டும் "எட்டு, ஒன்பது, பத்து" என்று எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணுவதற்கு மட்டும் ஒரு ஆளா? அதற்காகவா தனிக் கட்டணம்?

பெண்கள் இன்று கணிசமாகப் பயிற்சிக்கு வருகிறார்கள். திருத்தம் சொல்வதற்காகத் தொட நேர்ந்தால் அனுமதி கேட்டுத் தொடுவதும், முடிந்தவரை வாயால் சொல்லித் திருத்துவதும் நல்ல மாஸ்டரின் லட்சணம். அனுமதி கேட்காத கை எவ்வளவு திறமையான கையானாலும் அது வேண்டாத கை.

டப்பாவும் ஊசியும்

இரண்டாவது வாரம் டப்பா வரும். புரதப் பொடி. "இது இல்லாவிட்டால் செய்த பயிற்சி எல்லாம் வீண்" என்பார்கள். அதில் மாஸ்டருக்குக் கமிஷன் உண்டு என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளைச் சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி கூறுகிறது. சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். பளுப் பயிற்சி செய்கிறவருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். அதுவும் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குப் பெரிய லாபம் இல்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம். கொண்டைக்கடலை, பருப்பு, தயிர், மீன் எல்லாம் நம் வீட்டுச் சமையலறையில் உள்ளவைதான். மாதச் சம்பளத்தில் பெரும் பங்கைக் கொடுத்து டப்பா வாங்க வேண்டிய அவசியம் என்ன?

டப்பாவைவிடக் கொடியது ஊசி. "சீக்கிரம் ஏற ஒரு கோர்ஸ்" என்று ரகசியமாகப் பேசுவார்கள். அவை ஆண்மை ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. உடம்பு ஊதுவது உண்மைதான். கூடவே ரத்தக் கொதிப்பு ஏறும். இதயத் தசை தடிக்கும். கல்லீரல் கெடும். விந்தணு உற்பத்தி குறையும். சிலருக்கு மார்பு பெண்களுக்குப் போல வளரும். கல்யாணத்துக்காக உடம்பைத் தேற்றப் போனவன், கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளையில்லாமல் டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் பரிதாபம் தேவையா? ஊசியை எடுத்து நீட்டுகிறவர் எத்தனை கோப்பை வாங்கியவராக இருந்தாலும் அவர் மாஸ்டர் அல்ல.

பெங்களூரின் பழைய பெருமை

இந்த நகரத்துக்குத் தேகப்பயிற்சி புதிதல்ல. பழைய பேட்டைப் பகுதியில் "கரடிமனை" என்று அழைக்கப்படும் மல்யுத்தக் கூடங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்துள்ளன. கரகத் திருவிழாவின் வீரகுமாரர்களுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு ஊரறிந்தது. கடந்த நூற்றாண்டில் இங்கே வியாயாமசாலை நடத்திய கே.வி. ஐயர், பளுப் பயிற்சியையும் யோகாசனத்தையும் இணைத்துக் கற்பித்தவர். தபால் மூலமும் பாடம் நடத்தினார். கன்னடத்தில் "சாந்தளா" என்ற நாவலையும் எழுதினார். உடம்பைக் கற்பிப்பது படிப்பும் பண்பும் சேர்ந்த தொழில் என்று காட்டியவர் வாழ்ந்த ஊர் இது. அந்த ஊரில் மூன்று வருஷம் பளு தூக்கியதையே தகுதியாகக் காட்டி மாஸ்டராகிவிடுவது வருந்தத்தக்கது.

மாஸ்டர்களின் கஷ்டம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மாஸ்டர்களில் பலர் நம்மைப் போன்ற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே. காலை ஐந்தரை முதல் பத்து வரை, மாலை ஐந்து முதல் இரவு பத்தரை வரை நிற்கிறார்கள். நிலையான சம்பளம் குறைவு. தனிப் பயிற்சிக்கு ஆள் பிடித்தால், டப்பா விற்றால் காசு. ஆள் பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேலை இல்லை. இந்த நிலையில் "உங்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை" என்று உண்மையைச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்?

ஆகவே குற்றம் முழுவதையும் மாஸ்டர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. விற்பனையை வைத்துச் சம்பளம் நிர்ணயிக்கும் முதலாளிக்கும் பங்கு உண்டு. பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. அப்படி முறையாகப் படித்து வருகிறவருக்கும், படிக்காமல் வருகிறவருக்கும் ஒரே சம்பளம் என்றால் யார் படிப்பார்கள்?

பயம் வேண்டாம், எச்சரிக்கை வேண்டும்

2021 அக்டோபர் 29-ந் தேதி நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் காலமானார். அன்று காலை உடற்பயிற்சிக்குப் பின் அவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது என்ற செய்தி இந்த மாநிலத்தையே உலுக்கியது. அடுத்த சில நாட்கள் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்தவர்களின் கூட்டம் அலைமோதியது. பலர் உடற்பயிற்சியையே நிறுத்தினார்கள்.

நிறுத்தியது தவறு. உடற்பயிற்சியே கொல்கிறது என்று அந்தத் துயரத்திலிருந்து முடிவு கட்டுவது சரியல்ல. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. பெரும்பாலோருக்கு உட்கார்ந்தே இருப்பதுதான் பெரிய ஆபத்து. கற்க வேண்டிய பாடம் வேறு. ஒருவர் மயங்கி விழுந்து மூச்சு நின்றால் நெஞ்சை நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தத் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் இருக்கிறாரா? 108-க்கு யார் போன் செய்வது என்று முன்கூட்டியே தீர்மானித்திருக்கிறார்களா? முகத்தில் தண்ணீர் தெளித்து, சுற்றி நின்று காற்றை மறிப்பது முதலுதவி அல்ல.

செய்ய வேண்டியது

முடிதிருத்தும் நிலையத்தில் கத்தி சுத்தமா என்று பார்க்கிறோம். ஆட்டோவில் மீட்டர் போட்டாரா என்று பார்க்கிறோம். அதே விழிப்பு இங்கும் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். புதிதாக வந்தவரை மாஸ்டர் எப்படி நடத்துகிறார்? "முடியவில்லை" என்பவரைக் கேலி செய்கிறாரா, பளுவைக் குறைக்கிறாரா? எங்கே படித்தார், முதலுதவி தெரியுமா என்று மரியாதையாகவே கேளுங்கள். நல்லவர் கோபப்பட மாட்டார். சான்றிதழை எடுத்துக் காட்டுவார். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

பயிற்சி கொடுப்போர் அனைவருக்கும் முதலுதவிப் பயிற்சியையும் பதிவையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். இங்குள்ள தமிழ் அமைப்புகளும் பட்டிமன்றத்துக்கு நடுவே ஆண்டுக்கு ஒரு நாள் டாக்டர் ஒருவரை அழைத்து வாலிபர்களுக்கு இவற்றை எடுத்துச் சொல்லலாம்.

ஊரைவிட்டு வந்து உழைத்துப் பிழைப்பவனுக்கு நிலம் இல்லை, வீடு இல்லை. இருக்கும் ஒரே மூலதனம் உடம்பு. அது ஒரு வாரம் படுத்தால் ஊரில் உள்ள அடுப்பும் அணைந்துவிடும். ஆறு மாதத்தில் தானே முறையாகப் பயிற்சி செய்யும்படி சீடனைத் தயாராக்கி, "இனி நான் வேண்டாம்" என்று அனுப்பி வைப்பவரே உண்மையான மாஸ்டர். அப்படிப்பட்டவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு.

திருவண்ணாமலை வாலிபர் பிழைத்து எழுந்துவிட்டார். கல்யாணமும் தள்ளிப் போகாமல் நடந்தது. இப்போது காலையில் நடக்கிறார். மீண்டும் கூடத்தில் சேர ஆசையிருக்கிறது. இந்த முறை முதலில் கேள்வி கேட்கப் போவது மாஸ்டர் அல்ல, அவர்தான்.