ஆறும் வாழ வேண்டும்! பட்டறையும் வாழ வேண்டும்!

"ஆறு வேண்டுமா, சோறு வேண்டுமா?" திருப்பூர்ச் சாயத் தொழிலைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் இப்படியொரு கேள்வியைத் தூக்கிப் போடுகிறார்கள் சிலர். உழவன் பக்கம் நின்றால் தொழிலாளியின் வயிற்றில் அடித்ததாகுமாம். தொழிலாளி பக்கம் நின்றால் உழவனின் வயலில் நஞ்சை ஊற்றியதாகுமாம்! நாம் கேட்கிறோம்: உழவன் யார்? தொழிலாளி யார்? அண்ணன் காட்டிலே, தம்பி பட்டறையிலே என்பதுதானே கொங்கு நாட்டில் பல குடும்பங்களின் கதை! ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவரை மோதவிட்டுப் பார்க்கும் இந்தக் கேள்வியே தவறு என்கிறோம் நாம்.

நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். அந்த நொய்யலின் குறுக்கே, 1990-களின் தொடக்கத்தில், பாசனத்துக்கென்று எழுந்தது ஒரத்துப்பாளையம் அணை. தேங்கியது என்ன? சாயக் கழிவு! அணை நிறைந்தால் மகிழவேண்டிய உழவன், "இந்தத் தண்ணீர் எங்கள் காட்டுக்கு வேண்டாம்" என்று மன்றாட வேண்டிய காலம் வந்தது. உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கழிவில் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. காலக்கெடுக்கள் வந்தன, கடந்தன. 2011 சனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

அன்று கதவடைக்கப்பட்டபோது தெருவில் நின்றவர் யார்? கழிவைத் திறந்துவிடும்படி கட்டளையிட்டவரா? இல்லை. வாரக் கூலியை நம்பி வாடகை வீட்டில் வாழ்ந்த தொழிலாளி! முதலில் உழவன் அழுதான். பிறகு தொழிலாளி அழுதான். ஆற்றைக் கெடுத்து நடத்தும் தொழில் தொழிலாளியையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

"பெரிய ஆலைக்காரர் செய்வார், சின்னப் பட்டறைக்காரன் எங்கே போவான்?" என்பர். இதில் பாதி உண்மை உண்டு. மீதியோ பழக்கத்தின் மேல் போட்ட போர்வை. அதை விலக்கிப் பார்ப்போம்.

ஆற்றில் ஓடிய நிறம் எல்லார் கண்ணிலும் பட்டது. நிலத்தைக் கெடுத்ததோ கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வந்த உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகக் கரைசலில் உப்பைக் கொட்டுகிறோம். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்குகிறது. உப்போ துணியில் தங்குவதில்லை, கழிவு நீரோடு முழுதும் வெளியேறுகிறது. நிறத்தை எடுப்பது எளிது. உப்பைப் பிரிப்பதுதான் பாடு. சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரிக்க வேண்டும். எஞ்சிய கரிப்பு நீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்ய வேண்டும். அதற்கு மின்சாரம், விறகு, நீராவி! ஆக, ஒரு மூட்டை உப்புக்கு இருமுறை விலை கொடுக்கிறோம்: வாங்கும்போது ஒருமுறை, பிரிக்கும்போது ஒருமுறை.

கணக்குப் போடுங்கள், தோழர்களே! நூறு கிலோ துணி. பழைய இயந்திரத்தில் துணியின் எடையைப்போல் பத்துப் பங்கு தண்ணீர் என்றால் ஆயிரம் லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் வீதம் உப்பு 60 கிலோ. அதே துணியை ஆறு பங்கு தண்ணீரில் முடிக்கும் இயந்திரத்தில் 600 லிட்டர், 36 கிலோ! ஒரே ஒரு சாயக் கரைசலில் 400 லிட்டர் தண்ணீரும் 24 கிலோ உப்பும் மிச்சம். சலவை, சாயம், சோப்பு, அலசல் என்று ஏழுமுறை நிரப்பி ஏழுமுறை வடித்தால் மிச்சமாகும் தண்ணீர் மட்டும் 2,800 லிட்டர்! இது தரும காரியமல்ல; லாபக் கணக்கு.

புது இயந்திரம் வாங்கப் பணமில்லையா? பணம் அதிகம் கேட்காத வேலைகளும் உண்டு. கடைசி அலசலில் வரும் நீர் ஏறக்குறைய தெளிந்த நீர். அதைத் தனித் தொட்டியில் பிடித்து அடுத்த துணியின் முதல் அலசலுக்குக் கொடுக்கலாம். உப்பையும் சாயத்தையும் கண்ணளவில் கொட்டாமல் தராசில் நிறுத்துப் போடலாம். நிறம் தவறி இரண்டாம் முறை சாயமேற்றும் துணிக்குச் செலவும் கழிவும் மீண்டும் ஒருமுறை வருவதால், முதலில் சிறு துண்டில் சோதித்துப் பார்ப்பது பெருஞ்சேமிப்பு. நீராவிக் குழாய்க்குக் காப்பு உறை சுற்றி, ஒழுகும் வால்வை மாற்றி, குளிர்ந்து சொட்டும் சுடுநீரை மீண்டும் பாய்லருக்கே அனுப்பினால் விறகுச் செலவு இறங்கும். கொதிக்கக் கொதிக்க வெளியேறும் கழிவின் சூட்டைக் கொண்டே புதுத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கலாம். இவற்றையெல்லாம் யார் அறிவார்? இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளி அறிவான். எந்த வால்வு ஒழுகுகிறது, எந்தத் தொட்டி வீணே வழிகிறது என்று அவனுக்குத் தெரியும். அவனை அழைத்துக் கேட்கும் முதலாளிமார் எத்தனை பேர்?

இனி, அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். சவ்வும் ஆவியாக்கியும் தனியொரு சின்னப் பட்டறையால் தாங்கக்கூடிய செலவல்ல. அதனால்தான் பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் திருப்பூரில் எழுந்தன. மூடலுக்குப் பின் அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. நிலையங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. பிரித்தெடுத்த தண்ணீரும் உப்பும் மீண்டும் சாயத் தொட்டிக்கே திரும்புகின்றன. முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது! தனித்து நின்றபோது இயலாதது கூட்டாய் நின்றபோது இயன்றது. தொழிற்சங்கம் கண்ட நமக்கு இந்த உண்மை புதிதா?

ஆயினும் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது? சாயப் பட்டறைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை இறுக்கிப் பிடிப்பவர் ஏற்றுமதிக்காரர். அவரை இறுக்குபவர் கடல் கடந்த பெருங்கடைக்காரர். "சுற்றுச்சூழலைக் காத்த துணி" என்று சீட்டு ஒட்டி விற்கிறார்களே, அந்தச் சீட்டுக்கான விலையில் பங்கு கொடுத்தார்களா? கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று தோல் பதனிடும் தொழில் வழக்கில் 1996-இலேயே உச்சநீதிமன்றம் உரைத்தது. மலிவு விலைக்கு வாங்கி லாபம் கண்டவனும் அந்த ஈட்டில் பங்கு கொள்ள வேண்டும் என்பது நம் வாதம்.

ஆகவே நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. பழைய இயந்திரம் மாற்றச் சிறு பட்டறைகளுக்கு எளிய கடன் வேண்டும். பொது நிலையங்களின் மின்கட்டணச் சுமை குறைக்கப்பட வேண்டும். சுத்திகரிப்புச் செலவைச் சேர்த்தே சாயக் கூலி கணக்கிடப்பட வேண்டும். கழிவுத் தொட்டிக்குள் எந்தத் தொழிலாளியையும் இறக்கக்கூடாது. நச்சுக் காற்றில் மாண்ட உயிர்கள் போதும்!

தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதியின்றி ஒளிந்து நடக்கும் பட்டறைகள் இன்னும் உண்டு. இரவிலே, மழையிலே, "யாருக்குத் தெரியப் போகிறது, திறந்து விடு" என்று ஒரு குரல் கேட்கலாம். திறக்கும் கை உன் கை. காய்வது உன் அண்ணன் காடு. நாளை பூட்டு விழுவது உன் பிழைப்பில்! மறுத்து நில். தனியாக மறுத்தால் வேலை போகும் என்று அஞ்சுகிறாயா? சங்கமாய் மறு. அப்படி மறுக்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்பாய் நிற்பது நம் இயக்கத்தின் கடமை.

ஆறா, சோறா என்று இனி எவரேனும் கேட்டால் தலைநிமிர்ந்து விடை சொல்லுங்கள்: ஆற்றைக் காத்தால்தான் சோறு நிலைக்கும், ஆறும் வேண்டும், சோறும் வேண்டும்!