பழைய ஜீப்புக்கு நியாயமான விலை எது?

ஆரையம்பதியில் நமது பணிமனை முற்றத்தில் நின்ற பழைய ஜீப்பை விற்பதென்று அண்மையில் தீர்மானித்தோம். 1998இல் உற்பத்தியான சிறிய நாற்சக்கர இழுவை வண்டி அது. 2004 சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் கைமாறி நம்மிடம் வந்தது. மண்முனைத் துறையில் பாதையேறியும், 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின் அதன் வழியாகவும் படுவான்கரைக் கிராமங்களுக்கு விதைநெல்லையும் நோயாளரையும் சுமந்தது. அதற்கு என்ன விலை சொல்வது என்ற கேள்வி எழுந்தபோதுதான், நமக்கே விடை தெரியவில்லை என்பதை உணர்ந்தோம்.

தரகர் வண்டியைப் பார்க்காமலே தொலைபேசியில் சொன்னார்: “முப்பத்தைந்து கேளுங்கோ சுவாமி. வாகனத்துக்கு விலை இறங்காது.” கராஜ்காரர் வண்டிக்கு அடியில் படுத்து எழும்பிவந்து சொன்னார்: “மேலே பெயின்ற், கீழே உப்பு.” இந்த இரண்டு கூற்றுகளுக்கும் இடையில்தான் நியாய விலை இருக்கிறது.

முதலில் தரகரின் கூற்றை நோக்குவோம். வாகனம் என்பது ஓட ஓடத் தேய்கின்ற பொருள். முதல் சில ஆண்டுகளில் அதன் விலை வேகமாக இறங்கும். பின்னர் மெதுவாக இறங்கும். இருபது ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு வயதைவிட உடல்நிலையே விலையைத் தீர்மானிக்கும். உலகமெங்கும் பொதுவான இந்த விதி நம் நாட்டில் ஏன் தலைகீழாயிற்று? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. புதிய வண்டி வரவில்லை. பணமும் பெறுமதி இழந்தது. ஆகவே பழைய வண்டி பொன்னாயிற்று.

ஆனால் அந்த இலாபம் உண்மையானதா? கணக்குக்காக ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2019இல் ஒருவர் 18 இலட்சத்துக்கு வாங்கிய ஜீப்பை 2023இல் 32 இலட்சத்துக்கு விற்றார் என்க. 14 இலட்சம் இலாபம் என்று ஊர் பேசும். 2019இல் டொலர் ஏறக்குறைய 180 ரூபா. 2023இல் ஏறக்குறைய 320 ரூபா. இரண்டு தொகையும் டொலரில் பத்தாயிரந்தான்! உயர்ந்தது வண்டியன்று, தாழ்ந்தது ரூபா. தேயவேண்டிய பெறுமதி தேயாமல் நின்றதற்கு, பூட்டியிருந்த கதவே காரணம்.

அந்தக் கதவு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தது. சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, 18 சதவீதப் பெறுமதிசேர் வரி என்று பல சுமைகள் இருப்பதால் புதிய வண்டி இன்னும் ஏழைக்கு எட்டாது. பழையதற்கும் கேள்வி உண்டு. எனினும் 2023இல் பக்கத்து வீட்டார் விற்ற விலையை நினைவில் வைத்து விலை சொல்வது, வெள்ளம் வடிந்த பின்னும் தோணிக்கூலி கேட்பதற்குச் சமம்.

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது? விளம்பரத்தில் கேட்கும் விலையை விட்டு, அதே வகை, அதே உற்பத்தி ஆண்டு வண்டி உண்மையில் கைமாறிய விலையை விசாரிக்க வேண்டும். பதிவான ஆண்டும் உற்பத்தியான ஆண்டும் ஒன்றல்ல. ரீகண்டிஷன் செய்யப்பட்டு வந்த வண்டிகளில் இது முக்கியம். பின்னர், வண்டியை நல்ல நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் எழுவான்கரை மக்களாகிய நமக்கு, முதற் செலவு துருதான். கிலோமீற்றர் கணக்கு திருத்தப்படக்கூடியது. பிரேக் மிதியின் தேய்வும் ஆசனத்தின் தளர்வும் உண்மையைச் சொல்லும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்துக்குப் பின், தரைவிரிப்பைத் தூக்கிச் சேறு படிந்திருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது.

நமது வண்டிக்கு இவ்வாறு கணக்குப் போட்டோம். கேள்விவிலை 35 இலட்சம். விசாரித்தபோது முடிந்த விலை 32. அடித்தட்டுத் துருவுக்கு இரண்டரை, நான்கு டயர்களுக்கு ஒன்றரை, ஷொக் அப்சோபருக்கும் புஷ்களுக்கும் ஒன்றரை, ரேடியேற்றர் முதலிய வேலைகளுக்கு ஒன்றரை. ஆக 7 இலட்சம். எஞ்சியது 25.

வாங்க வந்தவர் படுவான்கரையைச் சேர்ந்த இளம் விவசாயி. தாயின் நகைகளை அடகு வைத்துப் பணம் புரட்டுவதாகச் சொன்னார். “ரெண்டு வருசம் வச்சிருந்து வித்தா மிச்சம் வரும்தானே, சுவாமி?” என்று கேட்டார். உண்மையைச் சொல்வோம்: 35 இலட்சம் என்று சொல்லியிருந்தாலும் அவர் வாங்கியிருப்பார். நமது வேலைத்திட்டங்களுக்குப் பணம் தேவையாகவும் இருந்தது. சற்று நேரம் நாமும் தடுமாறினோம். பின்னர் அவரைக் கராஜுக்கு அழைத்துச்சென்று அடித்தட்டைக் காட்டினோம். “மிச்சம் வராது” என்றும் சொன்னோம். மாதம் எத்தனை நாள் வண்டி உழைக்கும், அடகு வட்டி எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு என்று அவரோடு அமர்ந்து எழுதிப் பார்த்தோம். உழைப்பு வட்டிக்கே போதவில்லை. அவர் வாங்காமலே திரும்பினார். பிறகு வேறொருவர், குறைகளைக் கேட்டறிந்து, 25 இலட்சத்துக்கே எடுத்தார்.

பத்து இலட்சம் இழந்தோம் என்கிறார்கள் சிலர். நம்மிடம் இல்லாத பத்து இலட்சத்தை எப்படி இழப்பது? அது அந்த இளைஞரின் தாயுடைய கழுத்தில் இருந்தது.

எனவே விற்பவர்கள் வண்டியின் குறைகளை எழுதிக் கொடுக்கட்டும். உரிமை மாற்றத்தை உடனே செய்யட்டும். பெயர் நிரப்பாத பத்திரத்தோடு கைமாறும் வண்டியின் வில்லங்கம் பதிவு உரிமையாளரையே தேடிவரும். வாங்குபவர்கள் தரகருக்குக் கொடுக்குமுன் கராஜ்காரருக்குக் கொடுக்கட்டும். கிராமச் சங்கங்கள் நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கை இதற்கென ஒழுங்குசெய்யலாம். அனைத்துக்கும் மேலாக, வாகனம் உழைப்பதற்கான கருவி; சேமிப்புப் பெட்டியன்று. உழைக்காத வண்டிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள்.