கையில் அல்ல, காதில்

2018 ஏப்ரல் 26ஆம் நாள் காலை, உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லா லெவல் கிராசிங் ஒன்றைக் கடக்க முயன்ற பள்ளி வேன்மீது பயணிகள் ரயில் மோதியது. 13 குழந்தைகள் இறந்தனர். கடப்போரை எச்சரிப்பதற்காக அங்கு அமர்த்தப்பட்டிருந்த 'கேட் மித்ரா' வேனை நிறுத்த முயன்றதாக ரயில்வே தரப்பு கூறியது. ஓட்டுநர் காதில் இயர்போன் அணிந்திருந்தார் என்பது முதற்கட்டத் தகவல். மாநில முதலமைச்சரும் அன்று அதையே குறிப்பிட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அதே மாநிலத்தின் பதோஹி மாவட்டத்தில் மற்றொரு பள்ளி வேன் இதேபோல் ரயிலில் சிக்கியபோதும் இயர்போனே பேசுபொருளாக இருந்தது.

இந்த இரு விபத்துகளிலும் ஓட்டுநரின் கை எங்கே இருந்தது என்பது ஒரு கேள்வியாகவே எழவில்லை. கை ஸ்டியரிங்கைவிட்டு விலகாமலே இருந்திருக்கக்கூடும். குஷிநகருக்கு அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியது. அபாயகரமாக வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் 184ஆம் பிரிவில், எவையெல்லாம் அபாயகரமானவை என்ற விளக்கம் சேர்க்கப்பட்டது. செல்பேசியைக் குறித்து அதில் இடம்பெற்ற சொல் 'கையில் பிடிக்கும் தகவல்தொடர்புச் சாதனம்' என்பதாகும். காதில் மாட்டிய சாதனத்தைப் பற்றி அவ்விளக்கம் எதுவும் கூறவில்லை.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டத் தேவை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது இந்தியாவில் செல்பேசி இல்லை. அது பரவிய பின்னர், வண்டி ஓட்டியபடி பேசுவோரைப் பொதுப்படையான பிரிவுகளின் கீழேயே காவல்துறை பிடித்துவந்தது. 2018இல் கேரள உயர் நீதிமன்றம், வண்டி ஓட்டும்போது செல்பேசியில் பேசுவது என்ற செயல் மட்டுமே மாநிலக் காவல் சட்டத்தின்படி பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் குற்றமாகிவிடாது எனத் தீர்ப்பளித்தது. எனவே குற்றத்தைப் பெயரிட்டுச் சொல்லும் சட்டம் வேண்டியிருந்தது. 2019 திருத்தம் அதைச் செய்தது. முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடுகிறது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழிகாட்டும் வரைபடத்துக்காக மட்டும் சாதனத்தைப் பயன்படுத்தலாம் என்றது. கவனம் என்ற கருத்து சட்டத்தின் விளிம்பில் ஒருமுறை தலைகாட்டிய இடம் அதுதான். ஆயினும் சாலையோரக் காவலர் தேடுவது கையைத்தான். கண்ணுக்குத் தெரிவதும், புகைப்படத்தில் சிக்குவதும், நீதிமன்றத்தில் நிற்பதும் அதுவே.

அபாயம் கையில் இல்லை என்பதைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுகள் கூறிவருகின்றன. 1997இல் ரெடல்மையரும் திப்ஷிரானியும் டொரன்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளை ஆராய்ந்தனர். அழைப்பில் இருந்தபோது மோதலுக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு கூடியிருந்தது. கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளால் எந்தப் பாதுகாப்பு நன்மையும் புலப்படவில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வும் அதே நான்கு மடங்கையே கண்டது. அங்கும் கையில் பிடிப்பதா இல்லையா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் உடன்பணியாளர்களும் செய்த சோதனைகள் காரணத்தைச் சுட்டின. பேசியபடி ஓட்டுவோரின் கண் ஒரு பொருளின்மீது பதிந்தாலும், அதைப் பின்னர் அடையாளம் காணும் திறன் குறைந்துவிடுகிறது. பார்வை போய்ச் சேர்கிறது. மனம் உடன் போகவில்லை.

இதற்கு மாற்றுத் தரவும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. வண்டிகளில் கேமரா பொருத்தி அன்றாட ஓட்டுதலைப் பதிவு செய்த அமெரிக்க ஆய்வுகள் சில, வெறும் பேச்சினால் ஆபத்து அவ்வளவாக உயரவில்லை என்றும், எண்ணை அழுத்துவது, செய்தி தட்டுவது, திரையைப் பார்ப்பது ஆகியவையே பெரிதும் ஆபத்தானவை என்றும் கண்டன. இரு தரப்புக்கும் இடையிலான விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரு தரப்பு மனத்தைக் குற்றம் சாட்டுகிறது. மறுதரப்பு கண்ணைக் குற்றம் சாட்டுகிறது. கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ள இரண்டுமே இடம் தரவில்லை. கைப்பிடியில் பொருத்திய செல்பேசியின் திரையை விரலால் தள்ளிக்கொண்டு போகும் பைக் ஓட்டுநரின் கையில் செல்பேசி இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அவர் நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறார். மூன்று நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர். இந்திய நகரத் தெரு ஒன்றில் 33 மீட்டருக்குள் ஒரு ஆட்டோ திரும்பலாம், ஒரு மாடு எழுந்து நிற்கலாம், பேருந்தின் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடிவரலாம். அகன்ற நெடுஞ்சாலையில், காருக்குள், இடைவெளிவிட்டுச் செல்லும் போக்குவரத்தில் கிடைத்த ஆறுதலான முடிவுகளை இங்கே அப்படியே கொண்டுவருவதில் தயக்கம் வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள்.

பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதும் கவனத்தைக் குலைக்காதா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. அதையும் யூட்டா குழுவினர் 2008இல் சோதித்தனர். உடன் பயணிப்பவர் சாலையைத் தானும் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சைக் குறைக்கிறார், சில வேளை 'அதோ அந்தத் திருப்பம்' என்று உதவவும் செய்கிறார். தொலைவில் இருந்து பேசுபவருக்கு எதிரே வரும் லாரி தெரியாது. அவர் தம் வாக்கியத்தை முடிக்கிறார்.

அந்தத் தொலைவில் இருப்பவரைப் பற்றி இந்தியச் சட்டமும் விழிப்புணர்வுப் பலகைகளும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வோர் அழைப்புக்கும் இரண்டு முனைகள் உண்டு. பெரும்பாலான உரையாடல்கள் 'எங்க இருக்கீங்க?' என்று தொடங்குகின்றன. 'வண்டியில போயிட்டிருக்கேன்' என்று விடை வருகிறது. அதற்கு மறுமொழி, 'சரி, ஒரு நிமிஷம்தான்.' பிறகு பத்து நிமிடம் ஓடுகிறது. தெரியாமல் நடப்பதன்று இது. கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வது. இந்தச் சமூகத்தில் அழைப்பை எடுப்பது மரியாதையோடு பிணைந்தது. மேலதிகாரி, மாமனார், நெறியாளர், வாடிக்கையாளர் ஆகியோரின் அழைப்பை எடுக்காமல் விடுவது அலட்சியமாகக் கொள்ளப்படும். 'ஏன் எடுக்கவில்லை' என்ற கேள்விக்கு 'வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்' என்பது முழு விடையாக ஏற்கப்படுவதில்லை. 'ஓரமாக நிறுத்தி எடுத்திருக்கலாமே' என்பார்கள். ஓரமாக நிறுத்த இடமில்லாத மேம்பாலத்தில்தான் அந்த அழைப்பு வந்தது என்பதை யாருக்கும் விளக்க முடியாது.

கல்விப்புலமும் இதற்கு விலக்கன்று. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின்னர், ஓடும் காரின் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இணையவழிக் கூட்டங்களில் சேர்வது இயல்பாகிவிட்டது. சீட் பெல்ட் குறுக்கே தெரிய, பின்னணியில் மரங்கள் ஓட, ஒருவர் பாடத்திட்டத் திருத்தம் குறித்துக் கருத்துரைக்கிறார்; கூட்டத்தின் தலைவர் அவருக்கு நன்றி கூறுகிறார். பங்கேற்ற ஆர்வத்துக்காகப் பாராட்டவும் செய்வார்கள். அதே காணொளியில் அவர் கையில் மதுக்கோப்பை இருந்திருந்தால் கூட்டம் அந்த நொடியே நின்றிருக்கும்.

உண்மையில் இக்கேள்வியின் கனமான பகுதி வேறோர் இடத்தில் இருக்கிறது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30இல் அவர்கள் 2.35 கோடியாக உயர்வர் என்றும் மதிப்பிட்டது. அவர்கள் அனைவரும் வண்டி ஓட்டுவோர் அல்லர். ஆனால் உணவு கொண்டுசெல்வோர், பொருள் கொண்டுசெல்வோர், வாடகைக் கார், பைக் டாக்சி ஓட்டுவோர் ஆகிய பெருங்கூட்டத்துக்குச் செல்பேசிதான் பணியிடம். ஆணை திரையில் தோன்றும். சில நொடிகளுக்குள் ஏற்க வேண்டும். தவறினால் அது வேறொருவருக்குப் போகும், ஏற்பு விகிதம் குறையும், அடுத்தடுத்த வருவாயில் அது எதிரொலிக்கும். வரைபடம் அதே திரையில். வாடிக்கையாளரின் 'எங்க வந்துட்டீங்க?' அதே காதில். ஓட்டுபவர் எங்கே வருகிறார் என்பதைச் சாலை சாலையாகக் காட்டும் படம் வாடிக்கையாளரின் கையிலேயே இருக்கிறது. இருந்தும் அவர் அழைக்கிறார். அத்தொழிலாளியிடம் 'வண்டி ஓட்டும்போது செல்பேசி பயன்படுத்தாதே' என்பது, தறிக்காரரிடம் நூலைத் தொடாதே என்பதற்கு ஒப்பானது. அபராதம் விதிக்கப்படும்போது ரசீது அவர் பெயரில் வருகிறது. திரையை வடிவமைத்தவர் பெயரில் வருவதில்லை.

புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறதே என்று இதற்கு மறுப்பு எழலாம். அரசின் விபத்து அறிக்கைகளில் வேகமே 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சாவுகளுக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. செல்பேசியின் பங்கு இரண்டு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இந்தச் சிறிய எண்ணைக் கொண்டு பிரச்சினையும் சிறியது என முடிவு கட்டுவதற்கு முன், அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். விபத்து நடந்த இடத்தில் காவலர் படிவத்தை நிரப்புகிறார். உடைந்த வண்டி தெரியும், டயர்த் தடம் தெரியும். ஓட்டியவர் அந்த நொடியில் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்பதற்குத் தடயம் இல்லை. அழைப்புப் பதிவுகளைப் பெற்று நேரத்தை ஒப்பிட்டால் ஓரளவு தெரியவரும். சாதாரண விபத்து வழக்கில் அந்த உழைப்புக்கு யாருக்கும் நேரமில்லை. செய்தியைப் படித்ததோ வரைபடத்தைத் தொட்டதோ அழைப்புப் பதிவிலும் வராது. மேலும் வேகம், கவனச்சிதறல் என்று ஒரே கட்டத்தில் ஒன்றை மட்டும் எழுத வேண்டிய வகைப்பாட்டில், பிரேக்கைத் தாமதமாக அழுத்தியவரும் வேகமாகப் போனவராகவே பதிவாக வாய்ப்புண்டு. டொரன்டோ ஆய்வாளர்கள் காவல்துறைப் படிவத்தை விட்டுவிட்டுத் தொலைபேசிக் கட்டணப் பதிவுகளுக்குப் போனது வீணுக்கு அன்று.

குஷிநகருக்குப் பிறகு ரயில்வே செய்தது குறிப்பிடத்தக்கது. ஓட்டுநர்களே இயர்போனைக் கழற்றுங்கள் என்று பலகை வைத்ததோடு அது நிற்கவில்லை. ஏற்கெனவே நடந்துவந்த பணியை விரைவுபடுத்தி, 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதையில் இருந்த ஆளில்லா கிராசிங்குகள் அனைத்தையும் நீக்கியது: சிலவற்றை மூடியது, சிலவற்றில் ஆள் அமர்த்தியது, சிலவற்றுக்குச் சுரங்கப்பாதை அமைத்தது. மனிதக் கவனம் தவறும் என்பதை ஏற்றுக்கொண்டு, அது தவறினாலும் குழந்தைகள் சாகாத இடமாகத் தண்டவாளத்தை மாற்றியது. சாலையில் அந்த ஒப்புதல் இன்னும் நிகழவில்லை. இங்கே எல்லாம் ஓட்டுநரின் ஒழுக்கத்தின்மீது ஏற்றப்பட்டிருக்கிறது.

செய்யக்கூடியவை கற்பனைக்கு எட்டாதவை அல்ல. ஓட்டுபவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நொடிக்கு நொடி அறியும் செயலி, அவர் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்பதையும் அறியும். வண்டி நின்ற பிறகே புதிய ஆணையைத் திரையில் காட்டுவதும், ஓடும்போது வரும் வாடிக்கையாளர் அழைப்பைத் தானாகவே திருப்பி 'வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்' என்று பதில் தருவதும் தொழில்நுட்ப அளவில் கடினமல்ல. சில நொடி வருவாய் இழப்புதான் தடை. ராஜஸ்தான் 2023இல் கிக் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இத்தகைய சட்டங்கள் நலநிதியையும் பதிவையும் பேசுமளவுக்குத் திரையின் வடிவமைப்பைப் பேசத் தொடங்கினால், பணியிடப் பாதுகாப்பு என்ற பழைய சொல்லுக்குச் சாலையிலும் ஒரு பொருள் கிடைக்கும். வண்டியில் இருக்கும் ஊழியரை அழைத்துப் பேசும் நிறுவனத்துக்கும் விபத்தில் பங்குண்டு என்று 184ஆம் பிரிவின் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க இயலும். 'கையில் பிடிக்கும்' என்ற அடைமொழியை நீக்குவது அதைவிட எளிது. மற்றொன்றுக்குச் சட்டமே தேவையில்லை: காரிலிருந்து கூட்டத்தில் இணைந்தவரிடம், 'வண்டியை நிறுத்திவிட்டு வாருங்கள், அதுவரை அடுத்த பொருளை எடுத்துக்கொள்கிறோம்' என்று தலைவர் சொல்வதற்குப் பத்து நொடி போதும்.