தோற்கப்போறோம்னு தெரிஞ்சே ஆடுற கேம்

"முடிவு முன்னாடியே தெரியும்னா அப்புறம் எதுக்குடா விளையாடணும்?"

போன செமஸ்டர்ல என் ரூம்மேட் கேட்ட கேள்வி இது. கேட்டுட்டு டைஸை மேஜை மேல வெச்சுட்டு எழுந்து போயிட்டான். அன்னைக்கு எனக்குப் பதில் வரல. இப்ப சொல்றேன்.

முதல்ல தெரியாதவங்களுக்கு. டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம்ல நாலஞ்சு பேர் ஒரு மேஜையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதுல நடக்கறதையும் சொல்றது அவர் வேலை. மத்தவங்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். "குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ள உறுமல் கேக்குது, என்ன பண்றீங்க?" அவ்வளவுதான் கேம். நீங்க பண்றது பலிக்குமான்னு சந்தேகம் வந்தா இருபது முகம் உள்ள டைஸை உருட்டணும். 1974-ல வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதுக்கெல்லாம் ஆரம்பம். அதோட அடிப்படை விதிகள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. மேப்புக்கு எங்ககிட்ட கிராஃப் ஷீட் இருக்கு. செலவு ஒரு டைஸ் செட்டும் டீயும்தான்.

நான்தான் கேம் மாஸ்டர். நார்ஸ் புராண உலகத்தை எடுத்ததுக்குக் காரணம், ஒத்துக்கறேன், மார்வெல் படங்கள். ஆனா படிக்க ஆரம்பிச்சா வேற கதை. படத்துல லோகி தோருக்குத் தத்துத் தம்பி. மூலக்கதையில அவன் ஓடினோட ரத்தம் கலந்த சகோதரன். நம்ம கணக்குப்படி தோருக்குச் சித்தப்பா முறை!

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கதைகள் நமக்குக் கிடைச்சதுக்கு முக்கியக் காரணம் ஸ்னோரி ஸ்டுர்லுசன்னு ஒரு ஐஸ்லாந்துக்காரர். சுமார் 1220-ல, பழைய கவிதை மரபு மறைஞ்சுடக் கூடாதுன்னு இளம் கவிஞர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஒரு வகையில டெக்ஸ்ட்புக். அதுல தெய்வங்களோட முடிவும் இருக்கு. ராக்னராக் அன்னைக்கு ஃபென்ரிர்ங்கிற ஓநாய் ஓடினை விழுங்கிடும். தோர் ராட்சசப் பாம்பைக் கொன்னுட்டு ஒன்பது அடி நடந்து, அதோட விஷத்துல விழுந்து சாவான். இதெல்லாம் ஓடினுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் அந்தச் சண்டைக்காக வல்ஹாலாவுல வீரர்களைச் சேர்த்துக்கிட்டே இருக்கார்.

எங்க சண்டை வந்தது ஃபென்ரிர் கிட்டதான். அதைக் கட்டிப்போட ஒரு மாயக் கயிறு. பூனை நடக்கற சத்தம், மீனோட மூச்சு மாதிரி பொருளையெல்லாம் சேர்த்துச் செஞ்சது. ஓநாய்க்குச் சந்தேகம். "யாராவது ஒருத்தர் என் வாய்க்குள்ள கையை வைங்க, அப்புறம் கட்டுங்க"ன்னு சொல்லுது. மூலக்கதையில கையை வெச்சு இழக்கறது டிர்ங்கிற தெய்வம். பழைய இங்கிலீஷ்ல அவர் பேர் டீவ். ட்யூஸ்டேங்கிற பேர் அங்க இருந்து வந்ததுதான். எங்க கேம்ல அந்த இடத்தை பிளேயர்ஸுக்கு விட்டிருந்தேன்.

"என்ன ரோல் பண்ணணும்?"னு கேட்டாங்க. ரோலே கிடையாது, வைக்கிறவனுக்குக் கை போகும்னு சொன்னேன். அப்பதான் ரூம்மேட் அந்தக் கேள்வியைக் கேட்டுட்டுப் போனான். "நீ கதை சொல்ற, நாங்க கேக்குறோம். இது கேமே இல்ல"ன்னும் சொன்னான். கேம் மாஸ்டர் நினைச்ச வழியிலேயே எல்லாரையும் இழுத்துட்டுப் போறதுக்கு ரெயில்ரோடிங்னு பேர். அந்தக் குற்றச்சாட்டுல நியாயம் இருக்கு. "முடிவு மாறாது, போற வழி உங்க கையில"ன்னு முதல் நாளே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு.

ஆனா அவன் போனதுக்கு அப்புறம் நடந்தது அவனுக்குத் தெரியாது.

மிச்சம் நாலு பேர். ரெண்டு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம், அன்னைக்குப் பூரா பத்து வார்த்தைகூடப் பேசாதவன், "நான் வைக்கிறேன்"னான்.

"டேய், நீ வில்லாளிடா. ஒத்தைக் கையை வெச்சு என்ன பண்ணுவ?"

"தெரியும். உங்க மூணு பேர் கேரக்டர் ஷீட்லயும் ஊர்ல குழந்தைங்க இருக்கறதா எழுதியிருக்கு. என்னோடதுல யாரும் இல்ல."

எல்லார் ஷீட்டையும் அவன் படிச்சிருக்கான். எழுதினவங்களுக்கே மறந்துபோன வரிகள் அவை.

ரூம்மேட்டுக்கு என் பதில் இதுதான். ஜெயிப்போமா தோப்போமான்னு டைஸ் சொல்லும். தோல்வி உறுதின்னு தெரிஞ்ச இடத்துல யார் கையை நீட்டுவான்னு எந்த டைஸும் சொல்லாது. அதை நாமதான் சொல்லணும். அந்த முடிவு எங்க கையில இருக்கற வரைக்கும் அது கேம்தான்.

நாலு வருஷமா நம்மகிட்ட எல்லாரும் கேட்டது ரிசல்ட் மட்டும்தான். சிஜிபிஏ எவ்வளவு, எத்தனை ரவுண்டு போன, பேக்கேஜ் எவ்வளவு. "எப்படி ஆடின"ன்னு கேட்ட ஒரே இடம் அந்த மேஜை. செமஸ்டர் முடிஞ்சா ஒருத்தன் புனே, ஒருத்தன் சென்னை, ஒருத்தனுக்கு இன்னும் ஆஃபர் வரல. எங்க குரூப் எப்ப முடியும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காக இந்த வாரமே நிறுத்திடணுமா என்ன?

மச்சி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். உன் கேரக்டர் ஷீட்டைப் பத்திரமா வெச்சிருக்கேன். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. எப்படியும் தோக்கத்தான் போறோம். வந்துடு.